இருட்டு கேட்டவள்

பண்ணை மீன்கள் படும் பாட்டை ஆராய்கிறவள் அவள். காலுக்கு உறையும் வாய்க்கு முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததுமே பொறுப்பாளரிடம் வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள்.

“இந்த விளக்கை அணைச்சா என்ன குடியா முழுகிடும்?”

“ராப்பகலா எரியணும் மேடம். அப்பதான் எங்களால கவனிச்சுக்க முடியும்.”

“இருட்டே இல்லாட்டி உடம்பு என்னத்துக்கு ஆகும்? தூக்கம் போச்சு, தீனி இறங்கல. வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு நிரூபிச்சிருக்கேங்க!”

“துருவக் கடல்ல மாசக்கணக்கா சூரியனே மறையாதுன்னு நீங்கதானே டிவியில சொன்னீங்க? அங்க மீன் பிழைக்கலையா?”

“அங்க ஆழத்துக்குப் போய் ஒளிஞ்சுக்கலாம். இங்க எங்க போறது?”

“விதி அப்படி மேடம். மேலிடத்துல கேளுங்க.”

“கேட்டாச்சு. உங்களைக் கேக்கச் சொன்னாங்க.”

பொறுப்பாளர் கையை விரித்தார். ஆக்சிஜன் கருவி அதுபாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பேசி அதிர்ந்தது. மீன்பண்ணை மேலாளர் அனுப்பியிருந்தார்: ‘மேடம், உங்க அறிக்கைப்படி இன்னிக்கு இருட்டினதும் எல்லா விளக்கையும் அணைச்சிட்டோம். மீனெல்லாம் நிம்மதியா இருக்கு.’

அதைப் படித்துவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசிக் கட்டிலுக்குப் போனாள்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். “இன்னும் பொழுது சாயலையாம்மா?”

அவள் குனிந்து, தன் உள்ளங்கையால் அவர் கண்களை மூடினாள். அவர் மூச்சு மெல்லச் சீரானது. தூங்கத் தொடங்கியிருந்தார்.

பின்னால் பொறுப்பாளர் தயக்கத்தோடு சொன்னார்.

“பார்வையாளர் நேரம் முடிஞ்சிடுச்சு மேடம். கையை எடுங்க.”