கூடை தள்ளுகிறவர்

‘படார்!’ பேஸ்பால் பந்து பார்வையாளர் நடுவே போய் விழுந்தது. கடைசிச் சுற்று வரை ஒரு ரன்னும் கொடுக்காத பந்துவீச்சாளன் கிரியாமா தலையைப் பிடித்துக்கொண்டான். எதிரணியான கோபே ஜெயித்துவிட்டது.

ஒருகாலத்தில் கிரியாமாவின் அணிக்கே பந்து வீசி, இப்போது கோபே அணியில் இருக்கிற ஒனோதாவைப் பார்த்து மத்தியானம் அவன்தான் கிண்டலடித்தான்: “என்னண்ணே, உங்க இடத்துல நான் ராஜாவா நிக்கறேன். நீங்க இன்னும் அடிக்கறவங்க பயிற்சிக்குத்தான் பந்து போடறீங்களா?”

ஒனோதா பந்துக் கூடையைத் தள்ளிக்கொண்டு போனார்.

இப்போது, அந்தக் கடைசிப் பந்தை அடித்த கோபே அணியின் செகாவாவை வழிமறித்தான் கிரியாமா. “பாதி வழியில பொத்துனு கீழே இறங்கற பந்துடா! எவனும் தொட்டதில்ல. நீ எப்படி அடிச்சே?”

“ரெண்டு மாசமா அதே மாதிரி பந்தைத் தினம் இருநூறு அடிக்கறேனே!”

“எவன்டா போடறான்?”

பின்னால் கூடை கிறீச்சிட்டது.

“பயிற்சிக்குத்தான் போடறேன், தம்பி. உனக்குக் கத்துக்கொடுத்தேனே, அதே பந்தை!”