புளி போட்டுத் துலக்கிய வடிகட்டி

2058இல் தோல் ஆலைத் தெருவில் வீட்டுக்கொரு பாலிமர் வடிகட்டி. தண்ணீரிலுள்ள ஈயத்தையும் குரோமியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வருடத்துக்கொருமுறை, தெருவுக்கு ஒரு வீட்டில், ஆய்வாளர் வந்து வடிகட்டியில் சேர்ந்த உலோகத்தை அளப்பார்.

இம்முறை கோமளா வீடு. அடுத்தவர் பொருளைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்துப் பழகாதவள் அவள். அரசாங்க வடிகட்டியைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தாள். பிடித்து வைத்ததெல்லாம் கறுப்பாக இறங்கியது. அந்தத் தண்ணீரை ஊற்றிய கறிவேப்பிலைச் செடி அன்றே வாடியது.

ஆய்வாளரின் கருவி “உலோகம் பூஜ்யம்” என்று அறிவித்து, ஆலைக்குப் பாராட்டுச் சான்றிதழும் அனுப்பிவிட்டது.

“இனிமே இந்தத் தெருவுக்கு இது தேவையில்லம்மா,” என்று வடிகட்டியைக் கழற்றினார்.

“ஐயோ சார், நான்தான் புளி போட்டுக் கழுவினேன்!”

“அதை எழுத ஃபார்ம்ல இடமில்லம்மா.”

“சரி, தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க.”

ஆய்வாளர் அவசரமாகத் தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்தார்.