ஒரே அகலம்

"நிப்பாட்டுங்கண்ணே. நான் 'நன்றி'ன்னு இழுத்து முடிக்கிறதுக்குள்ள உங்க கிட்டார் அடுத்த கார்டுக்குப் போயிருது."

லூர்தம்மாள் பாட்டை நிறுத்தினாள். கோயிலுக்குள் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அந்தோணிராஜ் செல்போனை அவள் பக்கம் நீட்டினான்.

"மெயில்ல இருக்கிறபடிதேன் வாசிக்கிறேன். நீயே பாரு."

பாடகர் குழுவின் கீபோர்டுக்காரர் சூசைமுத்து சொந்தமாக எழுதி, மெட்டும் போட்டு, திருச்சியிலிருந்து அனுப்பிய பாட்டு. தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் தட்டி, கிட்டாரில் கார்டு, அதாவது சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறவேண்டிய சொல்லுக்கு நேர் மேலே, இடம் விட்டு விட்டு அதன் பெயரை ஜி, சி, டி என்று போட்டிருந்தார். போன் அதையெல்லாம் தன் இஷ்டத்துக்குத் தள்ளி வைத்திருந்தது.

"எந்தச் சொல்லுக்கு எதுன்னு அவருட்டயே கேட்டிருக்கணும்" என்றான் அந்தோணிராஜ்.

"இப்ப எங்கிட்டுக் கேக்க? வண்டி வடமதுரை தாண்டிருச்சாம்."

அந்தோணிராஜ் வாசலைப் பார்த்தான். "ஊரு முன்னாடி தப்பா வாசிச்சாலும் பரவால்ல, லூர்து. அவரு முன்னாடி ஆகாது. சும்மா சுத்திக்கிட்டுத் திரிஞ்ச என்னைய இந்தக் குழுவுல சேத்து ஆளாக்குனதே அவருதேன்."

லூர்தம்மாள் போனை உற்றுப் பார்த்தாள்.

"இது எழுத்து பண்ற வேலண்ணே. போன்ல இங்கிலீஷ் 'ஐ' ஒல்லி, 'எம்' குண்டு. காலி இடமும் ஒல்லிதேன். அதேன் கார்டெல்லாம் முன்னுக்குச் சரிஞ்சிருச்சு. சூசைமுத்தண்ணன் டைப் மிஷின் மாதிரி எழுத்துல அடிச்சிருப்பாரு. அதுல எல்லாத்துக்கும் ஒரே அகலம்."

கோயில் அலுவலக லேப்டாப்பில் அதே மெயிலைத் திறந்து, டைப் மிஷின் எழுத்துருவுக்கு மாற்றினாள். கார்டுகள் அந்தந்தச் சொல்லின் தலைக்கு மேல் ஒழுங்காகப் போய் நின்றன.

இருவரும் மறுபடி பாடிப் பார்த்தார்கள். 'நன்றி' என்ற சொல் முழுசாக, நிதானமாக வந்து இறங்கியது. அந்தோணிராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நல்லா இருப்ப தாயி. என் மானத்தக் காப்பாத்திட்ட."

"அந்த நன்றிய சூசைமுத்தண்ணனுக்குச் சொல்லுங்க. நமக்காக ஒக்காந்து ஒவ்வொரு கார்டுக்கும் இம்புட்டு இடம் தட்டியிருக்காரு."

வாசலில் வண்டி வந்து நின்றது. பங்குச்சாமியார் தீர்த்தத்தோடு எதிர்கொள்ளப் போனார். அந்தோணிராஜ் முதல் கார்டைப் பிடித்தான்.

'என் அடக்கத்துக்கு அழுகைப் பாட்டு வேண்டாம், இதைப் பாடுங்கள்' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதி அனுப்பிய சூசைமுத்துவைப் பெட்டியில் வைத்து நாலு பேர் உள்ளே தூக்கி வந்தார்கள்.