பழைய சாவி

லாரி டயர் மேல் உட்கார்த்தி வைத்திருந்த இன்ஜினை நெட்டை சார் தொடவே இல்லை. யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

நல்ல இன்ஜின் அது. பின்பக்கம் நசுங்கிய வண்டியிலிருந்து எடுத்தது. இன்ஜின் மேல் ஒரு கீறல் இல்லை.

அவருடைய வண்டியில் இருப்பது மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடித் தீர்ந்துவிட்டது. பெட்ரோலுக்குச் சமமாக ஆயிலைக் குடிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே நீலமாகும்.

பந்தயத்துக்குப் பிறந்த வண்டி. வாங்கியதும் விரட்டியதும் அவர் மனைவி. அந்த அம்மா இருந்தவரை, வண்டி பட்டறைக்கு வருமுன்பே அதன் சத்தம் வந்து நிற்கும்.

போன பிறகு இவர் ஓட்டுகிறார். போட்டி வைத்தால் மாட்டு வண்டி ஜெயிக்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவான். இவர் கண்டுகொள்ள மாட்டார். எவனாவது வந்து இடிப்பான். பின் பம்பரை நானே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

ஆறடிக்கு மேல் உயரம். அவர் வண்டியை விட்டு இறங்குவதைப் பார்க்க எங்கள் வெல்டர் வேலையை நிறுத்திவிடுவான். முதலில் ஒரு கால் வரும். பிறகு ஒரு கை. கொஞ்சம் இடைவெளி விட்டுத் தலை. இறங்கியதும், கால் மரத்துப்போனவர் மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எந்தப் பேன்ட் போட்டாலும் முட்டி மட்டும் வெளுத்திருக்கும். சார் வீட்டுக்குள்ளே தவழ்ந்துதான் போவார் போல என்பான் வெல்டர்.

யாரையும் ஸ்டியரிங் பக்கம் ஏறவிட மாட்டார். ஆயில் மாற்ற வந்தாலும் அவரே ஓட்டி வந்து நிறுத்தி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். உள்ளே புதையல் இருக்கிறது என்பது வெல்டரின் கட்சி.

இந்த முறை மகளும் கூட வந்திருந்தாள். வண்டி ஒழுங்காக ஓட வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போக வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். நானும் அவள் பக்கம்தான். பழைய இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டனிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டுவதற்கு மாதக்கணக்காகும். கட்டிய பிறகும் எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இதைத் தூக்கி மாட்டினால் அடுத்த வாரம் வண்டி வீட்டு வாசலில் நிற்கும்.

இன்ஜினோடு வந்த கம்ப்யூட்டர் பெட்டியையும் அதற்கான சாவியையும் அவரிடம் காட்டினேன். இரண்டும் ஜோடி, இனி இந்தச் சாவிதான் என்றேன்.

“அப்ப பழைய சாவி?”

அது இனி கதவைக்கூடத் திறக்காது, ஞாபகத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவர் புதுச் சாவியை என் கையிலேயே திருப்பி வைத்தார். இருக்கிற இன்ஜினையே பிரித்துக் கட்டிவிடச் சொன்னார்.

மகள் பல்லைக் கடித்தாள். வீட்டில் எல்லாம் பேசி முடித்து அழைத்து வந்தால் இங்கே மறுபடி முதலிலிருந்தா என்று கேட்டாள். அந்த இன்ஜினுக்குள் அம்மா இல்லை என்றாள். சொன்ன வேகத்திலேயே குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் அவர் சட்டைப் பையில் கைவிட்டு, பழைய சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவர் தடுக்கவில்லை.

வண்டியை, இன்ஜினைத் தூக்கும் செயின் கொக்கிக்கு நேராகத் தள்ள வேண்டும். ஸ்டியரிங் பூட்டை எடுப்பதற்காக ஏறி உட்கார்ந்தேன்.

சாவியைத் திருப்பினேன்.

சீட் நகர்ந்தது.

சாப்பிட உட்காரும் ஆளுக்கு நாற்காலியைத் தள்ளிக் கொடுப்பதுபோல, மெதுவாக, என்னைச் சுமந்துகொண்டு முன்னால் போனது. கொஞ்சம் உயர்ந்தது. ஸ்டியரிங் இறங்கி வந்து என் வயிற்றில் நின்றது. மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் முனகிக்கொண்டு விரிந்தன. இரண்டிலும் எனக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது.

குள்ளமான ஒரு ஆள் உட்காரும் இடம் அது.

வெளியே மகள் அசையாமல் நின்றாள். “அம்மா இப்படித்தான்… ஸ்டியரிங்க கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓட்டுவாங்க.” யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

எனக்கு மூச்சு முட்டியது. சீட்டின் ஓரத்தில் பொத்தானைத் தேடினேன். ஜன்னல் வழியாக ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நெட்டை சாரின் கை சில்லென்று இருந்தது.

“தொடாதீங்க தம்பி. நகத்தினா மறந்துடும்.”

உண்மைதான். அந்த ரக வண்டியில் சாவிதான் சீட்டை ஞாபகம் வைத்திருக்கும். வண்டியை நிறுத்தினால் இறங்க வழிவிட்டுப் பின்னால் போகும். சாவியைத் திருப்பினால் தன் ஆளின் இடத்துக்குத் திரும்பி வரும். இன்னொரு ஆள் தன் உயரத்துக்கு ஒரே ஒரு முறை நகர்த்திவிட்டால் போதும், பழைய இடத்தை அழித்துவிட்டுப் புது இடத்தை வைத்துக்கொள்ளும். வண்டி ஓட்டத் தெரிந்த எவனும் ஏறி உட்கார்ந்ததும் முதலில் செய்கிற காரியம் அதுதான்.

கையை எடுத்துக்கொண்டேன். குனிய இடமில்லை, தலையை மட்டும் சாய்த்துக் கீழே பார்த்தேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, கெட்டிப் பிளாஸ்டிக்கில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழிகள். தேய்ந்து வழுவழுத்து, நடுவில் வெளுத்திருந்தன.

என் முட்டி அதுவரை எட்டவில்லை.

கொக்கியை இறக்கவா என்று வெல்டர் கேட்டான்.

மகள் குனிந்து ஜன்னல் வழியாக அந்தக் குழிகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற அப்பாவின் முட்டிகளைப் பார்த்தாள்.

வேண்டாம் என்று அவள்தான் தலையாட்டினாள்.