ஏலத்தில் போன முந்திரி பிஸ்கட்

"மைதா இல்லாம, சர்க்கரை இல்லாம ஒரு பிஸ்கட்டா? கோழிக்கு வைக்கிற தவிட்டு உருண்டை மாதிரி இருக்கே!"

தட்டை மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு யூனிஸ் இப்படிச் சொன்னதும், பக்கத்தில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

தபீதாளுக்குச் சுருக்கென்றது. "தின்னு பார்த்துட்டுப் பேசு யூனிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் பெருமைப்பட்டதில் தப்பே இல்லை. கணவர் லாசரஸுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அடுப்போடு மல்லுக்கு நின்றவள். முந்திரியையும் வேர்க்கடலையையும் இடித்துச் சலித்து, முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் சேர்த்து, இனிப்புக்குச் சாக்கரின் மாத்திரையைப் பொடித்துப் போட்டு, பழைய அலுமினிய டப்பாவில் மணல் கொட்டி, மேலேயும் கீழேயும் கரி நெருப்பு வைத்து... அப்பப்பா! முதலில் கருகியது, அப்புறம் உதிர்ந்தது. ஒரு வழியாக மொறுமொறுவென்று கைக்கு வந்தபோது தாம்பரத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்தப் பெருமையோடுதான் சர்ச் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு தட்டு கொண்டுவந்திருந்தாள்.

காணிக்கையாக வருகிற கோழி, பூசணிக்காய், பலகாரம் எல்லாம் காம்பவுண்டுப் பந்தலில் ஏலத்துக்குப் போகும். ஊர்க்காரர்கள் யாரும் வந்து கேட்கலாம். அதில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. பெண்டாட்டி செய்த தட்டு மேஜைக்கு வந்தால் புருஷன் கை தூக்கியே ஆக வேண்டும். கடைசியில் யார் எடுத்தாலும் சரி, கட்டினவன் விலையை ஏற்றிவிடாமல் எந்த வீட்டுத் தட்டும் போனதில்லை.

யூனிஸின் கேக்குக்கு அடிதடியே நடந்தது. அடுத்தது தபீதாளின் தட்டு.

"தபீதாள் அம்மா கைப்பக்குவம்! மைதா இல்லாத முந்திரி பிஸ்கட்! யாருக்கு வேணும்?" ஏலம் விட்ட ஐசக் சார் தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு ரூபா!"

குரல் பந்தலுக்கு வெளியிலிருந்து வந்தது. பால்காரர் தனக்கோடி. அந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் பால்.

அதற்கப்புறம் ஒரு சத்தம் இல்லை. தூரத்தில் எலெக்ட்ரிக் ரயில் போவதுதான் கேட்டது.

யூனிஸ் மட்டும் எழுந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். அவள் போன இடமெல்லாம் கப்சிப். தூக்கப் போன ஒரு கைகூட இறங்கிவிட்டது.

பாவி, கேலி பண்ணிக் கலைக்கிறாளே! தபீதாளுக்கு முகம் எரிந்தது. கூட்டத்தில் லாசரஸைத் தேடினாள். கடைசி பெஞ்சிலிருந்து அவர் எழுந்தார். அப்பாடா என்று ஐசக் சார் பக்கம் திரும்பினாள். ஏலம் கேட்கிற அவர் குரலே வரவில்லை. மறுபடி பார்த்தால் மனுஷன் உட்கார்ந்திருந்தார்!

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

தனக்கோடி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தபீதாள் வெடித்தாள்.

"யாருக்காகச் செஞ்சேன்? உங்களுக்காகத்தானே செஞ்சேன்? அதுக்கு ஒரு கை தூக்க வலிச்சுதா?"

"தபீதா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்! அந்த யூனிஸ் முன்னாடி என் மானமே போச்சு."

லாசரஸ் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "சரி, விடு. முதுகுல தையல் விட்டிருக்கு. அப்புறம் தைச்சுக் குடு."

"இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்!"

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தனக்கோடி, கழுவித் துடைத்த தட்டோடு நின்றார்.

"தட்டும்மா. என் வூட்டுக்காரி பச்சையம்மா குட்த்துட்டு வரச் சொல்லிச்சி. அதுக்கும் சக்கரை நோவு. பொங்கல், தீவாளின்னா ஊரே துன்னும். அது மட்டும் வாயைக் கட்டிகினு குந்தினு கீதும்மா. இந்த பிஸ்கோத்து துன்னலாம்னு உங்க வூட்டு சார்தான் ஒருவாட்டி சொன்னாரு. இன்னிக்கித்தான் நல்ல நாளும் அதுவுமா அது வாய்ல ஒரு பலகாரம் போச்சு."

தபீதாள் திகைத்துப் போனாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே!"

"அதான் கேக்கலை." தனக்கோடி நிமிர்ந்து நின்றார். "சும்மா வாங்கியாந்தா அது தொடாது. ரோசக்காரி. 'ஏலத்துல எட்த்தேன்டி, எல்லாரும் பாக்க மூணு தரம் சொல்லி என் கையில குட்த்தாங்க'ன்னேன். அப்பாலதான் துன்னுச்சு."

மணியடித்துக்கொண்டே அவர் போன பிறகும் தபீதாள் தட்டைக் கீழே வைக்கவில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. எந்தக் கேக்குக்குக் கிடைக்கும் இந்த விலை?

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள். "இது தெரிஞ்சுதான் கை தூக்காம இருந்தீங்களா? உங்களை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்குங்க."

லாசரஸ் கொடியிலிருந்த சட்டையை எடுத்து, கிழிந்த முதுகை அவள் முன்னால் விரித்துக் காட்டினார்.

"எனக்கு எங்கே தெரியும்? நான் அஞ்சு ரூபான்னு கத்தத்தான் எழுந்தேன். 'காலையில பால் ஊத்தறப்பவே தனக்கோடி சொன்னாரு, அவர்கிட்ட இருக்கிறதே அந்த ஒரு ரூபாதான், பேசாம உட்காருங்கண்ணா'ன்னு பின்னாலிருந்து சட்டையைப் பிடிச்சு இழுத்தவளே உன் யூனிஸ்தான்!"