அவருடைய காது

இந்தக் கீச்சுச் சத்தத்தில் மனுஷன் எப்படித்தான் பாட்டுக் கேட்டாரோ என்று ஜெசிந்தா மனசுக்குள் அலுத்துக்கொண்டாள். கணவர் அருமைநாதனின் காது மந்தமாக மந்தமாக, வீட்டு ஸ்பீக்கர் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டே வந்திருந்தது. வயலின் ஊசியாய்க் குத்தும். அதற்காக அவரோடு போடாத சண்டையில்லை. அவர் இறந்த பிறகும் அது அவருக்காகவே பாடிக்கொண்டிருந்தது.

"ஸ்பீக்கர்ல இருக்கிற அவர் காதோட பதிவை அழிச்சிட்டா, அது உங்க காதுக்குப் பழகிக்கும்மா. அளந்து பார்க்க இந்தக் கருவியைக் காதுல மாட்டுங்க, போதும்," என்றாள், ஸ்பீக்கரைச் சரிசெய்ய அவள் வரவழைத்திருந்த ரிஸ்வானா.

"அழிச்சா திரும்ப வருமா?"

"வராதும்மா. மறுபடி பழக்க அவர் காது வேணுமே."

ஜெசிந்தா காதுக்கருவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"காபி ஆறுது, குடிம்மா."

பிறகு வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு பாட்டுக் கேட்க உட்கார்ந்தாள்.