சந்தனம் அழிந்த சில்லு

இதைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். விடிந்தால் பயணம். உள்ளேயே படுத்து எழும்பக்கூடிய பழைய கரவன் வண்டி ஒன்று வாங்கியிருந்தோம். அதைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனிலிருந்து ஸ்டுட்கார்ட் போய், அங்கே என் தம்பி குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு கிழமை தங்குவதாகத் திட்டம். மகள் மிதுசாவும் அவளுடைய ஆறு மாதக் குழந்தையும் எங்களோடு வருகிறார்கள்.

யன்னலால் எட்டிப் பார்த்த என் கணவர் கணேசலிங்கம் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்ச வாரும். இவள் செய்யிற வேலையைப் பாரும்."

கீழே, எங்கள் கரவனின் சில்லுக்கு முன்னால் லாரா முழங்காலில் இருந்தாள். மேல் வீட்டுக்காரி. நகர பஸ் ஓட்டுகிறவள். கையில் ஈரத் துணி. சில்லில் பூசியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலையில்தான் கரவனைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்து, திரும்பி வந்திருந்தோம். கோயில் வாசலில் வடிவாக நிற்க வேண்டும் என்று இவர் இரண்டு ரயருக்கும் தேங்காய் எண்ணெய் பூசி மினுக்கியும் இருந்தார்.

இவர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். பின்னால் நானும் போனேன்.

"எங்கட சாமியில கை வைக்கிறியோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பிறகுதான் அவளுடைய டொச் மொழியில் கேட்டார்.

லாரா எழும்பவில்லை. துடைத்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த நாலு இலக்கத்தையும் பாருங்கள். 1412. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், பதினாலாவது கிழமை செய்த ரயர். ஆறு வருசம் தாண்டிய கரவன் ரயரை நம்பக் கூடாது. இவ்வளவு சாமானையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். சூடேறினால் வெடிக்கும்."

"எங்கே தேய்ந்திருக்கிறது? புதிது போலத்தானே இருக்கிறது."

"தேயாது. வருசம் முழுக்க நின்ற இடத்திலேயே நிற்கிறது. நின்றே பழசாகும்."

இவர் கேட்கவில்லை. மேலே வந்ததும் சொன்னார்: "நாங்கள் கரவன் நிப்பாட்டினதால தனக்கு இடமில்லை எண்டு போன கிழமை புறுபுறுத்தவள். அந்த எரிச்சல்."

சாப்பாட்டு நேரம் நான் மெல்லத் தொடங்கினேன்.

"ஒருக்கா ரயர் கடையில காட்டுவமே. அரிசி, இடியப்ப உரல், காஸ் அடுப்பு எல்லாம் ஏத்தியாச்சு. பிள்ளையும் வருது."

"எட்டாம் வகுப்போட நிண்டனீர். இப்ப ரயர் இஞ்சினியரோ?"

மிதுசா சிரித்தாள். "அம்மாவுக்கு லிப்ட்டில ஏறவும் பயம். விடுங்கோ அப்பா."

"பூசை செய்தாச்சு. இனி ஒண்டும் நடவாது. நாளைக்கு ஏழு மணிக்கு வெளிக்கிடுறம். கதை முடிஞ்சுது."

எனக்குக் கதை முடியவில்லை. காரின் பின் இருக்கையில் குழந்தையின் ஆசனம் பூட்டியிருக்கும் இடம்தான் கண்ணுக்குள் நின்றது. அதற்குப் பின்னால் ஒன்றரைத் தொன் பாரம். ஒரு சில்லு வெடித்தால் அது எங்களை எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாரைக் கேட்பது?

சனிக்கிழமை ஏழு மணிக்குக் கீழே போனால், கரவன் ஒரு பக்கம் சரிந்து நின்றது. வலப்பக்கச் சில்லில் காற்றே இல்லை.

"பாத்தீரே? நேற்று அவள் நோண்டின அதே சில்லு."

அந்த நேரம் பார்த்து லாரா காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வந்தாள். இவர் வழியை மறித்தார்.

"இது உன் வேலைதானே?"

லாரா சரிந்த கரவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன்.

"ஓம். நான்தான்," என்றாள்.

"பொலிசுக்கு அறிவிப்பேன்."

"அறிவியுங்கள். முதலில் ரயர்க்காரரைக் கூப்பிடுங்கள்."

ரயர் கடையிலிருந்து வந்தவர் காற்றடிக்கும் குழாயைக் கையில் எடுத்தார். குனிந்து பார்த்தார். குழாயைத் திரும்பவும் தன் வான் வண்டிக்குள் வைத்துவிட்டார்.

"இதற்கு நான் காற்றடிக்க மாட்டேன்."

ரயரின் பக்கத்தை அமத்திக் காட்டினார். எண்ணெய் மினுக்கத்துக்குக் கீழே, நகம் போகும் அளவுக்கு வெடிப்புகள். மற்றச் சில்லிலும் அப்படித்தான்.

"இதற்கு எண்ணெய் பூசியது யார்? வெடிப்பெல்லாம் மறைந்து கிடக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் தாங்கியிருக்காது. காரையும் சேர்த்துப் பிரட்டியிருக்கும்."

புது ரயர் இரண்டும் பூட்டி, காற்றின் அளவு பார்த்து, சாமானில் பாதியை இறக்கி முடிய மத்தியானம் ஆகிவிட்டது.

"அவள் செய்தது அடாத்துத்தான்," என்றார் இவர். "ஆனா எங்கட நல்லதுக்குச் செய்திருக்கிறாள். வழிக்குச் சுட்ட வடையில கொஞ்சம் குடுத்திட்டு வாரும். எனக்குப் போக வெக்கமாக் கிடக்கு."

லாரா கதவைத் திறந்தாள். தட்டை நீட்டிக்கொண்டு, "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"என்னோடு என்றால் அவர் ஒரு நாள்தான் கோபிப்பார்," என்றாள். "விடிய நான் பல்கனியில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றேன்."

விடிய ஐந்து மணிக்கு, வீட்டில் எல்லாரும் எழும்ப முதல், வால்வின் மூடியைக் கழற்றி, தலைக் கிளிப்பின் முனையால் உள்ளே இருக்கும் ஊசியை அமத்திப் பிடித்து, கடைசிக் காற்றும் போகும்வரை அந்தச் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது நான்.